சேலை பட்டால் வலிக்குமா?

(மூத்த குடியிருப்பாளர்களின் காலாண்டுச் சந்திப்பில், நம் கூட்ட அறையில் நான் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன். பேச்சில் விட்டுப்போன ஒன்றிரண்டு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



வலியைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டபோது முட்டுவலியும் இடுப்புவலியும்தான் அவர் மனதில் இருந்திருக்கும். அந்த இரண்டுக்கும் இங்கே வீட்டுக்கு ஒரு எண்ணெய் இருக்கிறது. லிஃப்டில் ஏறினால் எந்த மாடியில் எந்த எண்ணெய் என்று வாசனையிலேயே சொல்லிவிடலாம். அதில் நான் தலையிடப் போவதில்லை. நான் சொல்ல வந்தது வேறொரு வலி. அடிபட்டதில்லை, அழுத்தியதில்லை, சும்மா துணி உரசினாலே வருகிற வலி.

31 வருஷம் அரசு மருத்துவமனைகளில் மயக்க மருந்து டாக்டராக இருந்தேன். வலியை நிறுத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட நான் எங்கள் வீட்டிலேயே ஒருவருடைய வலியை நான்கு மாதம் நம்பாமல் இருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் இந்த இரணியல்தான். அவருடைய அம்மா, எனக்கு அத்தை, தறிச்சத்தம் கேட்டே வளர்ந்தவர். 71 வயதிலும் திங்கள்சந்தைக்கு நடந்தே போய் மீன் வாங்கி வருவார். 2009 சித்திரை மாதம், நான் வெளியூரில் வேலையில் இருந்தபோது போன் செய்தார். "மக்ளே, முதுகில எரியுது. குருகுருன்னு பொங்கியிருக்கு" என்றார். தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே ஒரு நோயாளி காத்திருக்க, "வேர்க்குருவா இருக்கும் அத்தை, கலமைன் போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். "ஒரு பக்கம் மட்டுமா, ரெண்டு பக்கமுமா?" அதைக் கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு "இது அக்கியாக்கும்" என்று சொல்லி, அக்கி எழுதுகிறவரிடம் கூட்டிப் போயிருக்கிறார். காவியைக் குழைத்து முதுகிலும் விலாவிலும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நான் ஊருக்கு வந்து பார்த்தது ஆறாம் நாள். முதுகெலும்பில் தொடங்கி, இடது விலாவைச் சுற்றி, மார்புக்கு நடுவில் கோடு போட்டது போல நின்றுவிட்ட கொப்புளங்கள். மருத்துவக் கல்லூரி இரண்டாம் வருஷ மாணவி பார்த்தாலே சொல்லிவிடுவாள். அக்கி எழுதியவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த அக்கா நோயின் பெயரையாவது சரியாகச் சொன்னார். டாக்டர் மருமகள் வேர்க்குரு என்றாள். அக்கிக்கு வைரஸ் மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்த 72 மணி நேரம் என் போனிலேயே போய்விட்டது.

மூன்று வாரத்தில் புண் ஆறியது. வலி ஆறவில்லை. வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. அத்தை ரவிக்கை போட மாட்டேன் என்றார். யாராவது வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சொந்தத் தங்கை பேத்தியின் கல்யாணத்துக்கு வரவில்லை. அந்தப் புழுக்கத்திலும் பேனைப் போட விடவில்லை. ஆடிக் காற்று அடிக்கும்போது எல்லா ஜன்னலையும் அடைத்தார். "காத்து பட்டா தீப்பட்ட மாதிரி இருக்கு" என்பார்.

ஒருநாள் நான் சோதித்துப் பார்த்தேன். உள்ளங்கையை விலாவில் வைத்து நன்றாக அழுத்தினேன். "அது பரவாயில்ல, கொஞ்சம் சுகமாக்கூட இருக்கு" என்றார். கையை எடுக்கும்போது என் சேலை முந்தானை அந்த இடத்தில் லேசாக உரசியது. அலறிவிட்டார்.

அன்றைக்கு என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். அழுத்தினால் வலிக்காதாம், முந்தானை பட்டால் வலிக்குமாம், இது என்ன நாடகம் என்று நினைத்தேன். வாய்விட்டும் கேட்டேன். அத்தை என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒனக்கு மனசிலாவாது மக்ளே" என்றார். அதோடு அதைப் பற்றி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

நான் நடிப்புக்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டேனே, அதுதான் அந்த நோய்க்கே அடையாளம். அழுத்தினால் தாங்கும், வருடினால் தாங்காது. இதற்கு மருத்துவத்தில் அலோடினியா என்று பெயர். வலிக்கக் கூடாத ஒன்று வலிப்பது என்று அர்த்தம். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டடிபட்ட சிப்பாய்களிடம் சைலஸ் வெயர் மிச்சல் என்ற டாக்டர் இதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். கையை எப்போதும் ஈரத்துணியில் நனைத்தே வைத்திருப்பார்களாம். பக்கத்தில் ஒருவர் பேப்பரைச் சலசலத்தாலும் வார்டில் ஒருவர் நடந்துபோனாலும் துடிப்பார்களாம். அந்த ஆண்களையும் பாசாங்கு என்றுதான் பலர் சொன்னார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்குவது போலத் தண்டுவடத்தை நறுக்கிப் பார்த்தால் நடுவில் பட்டாம்பூச்சி வடிவத்தில் சாம்பல் நிறமாக ஒரு பகுதி தெரியும். மொத்தத் தண்டுவடமும் சுண்டுவிரல் தடிமன்தான், நீளம் சுமார் 45 சென்டிமீட்டர். பட்டாம்பூச்சியின் முதுகுப் பக்கச் சிறகு நுனிகளைப் பின்கொம்பு என்கிறோம். தோலிலிருந்து வரும் செய்தி எல்லாம் முதலில் வந்து சேருவது அங்கேதான். 1950களில் ஸ்வீடனைச் சேர்ந்த ரெக்ஸெட் என்பவர் அது அடுக்கடுக்காக இருப்பதைக் காட்டினார். மேலே உள்ள முதல் இரண்டு அடுக்குகளுக்கு வலி வருகிறது. அதற்குக் கீழே உள்ள அடுக்குகளுக்குத் தொடுகை வருகிறது.

இரண்டும் வரும் வழியும் வேறு, வேகமும் வேறு. இருட்டில் நிலைப்படியில் கால்விரலை இடித்துக்கொண்டால் கவனித்திருப்பீர்கள். இடித்தது உடனே தெரியும். "ஐயோ, இப்ப வரப்போகுது" என்று நினைக்கவே நேரம் இருக்கும். பிறகுதான் அந்தக் காந்தல் வந்து சேரும். தொடுகையைக் கொண்டுவரும் தடித்த நரம்பிழையில் செய்தி விநாடிக்கு 30 முதல் 70 மீட்டர் வரை ஓடும். காந்தலைக் கொண்டுவரும் மெல்லிய இழையில் விநாடிக்கு சுமார் ஒரு மீட்டர்தான். ஒன்று வந்தே பாரத், மற்றது எல்லா ஸ்டேஷனிலும் நின்று வரும் பாசஞ்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடித்த விரலை உடனே என்ன செய்கிறோம்? தேய்க்கிறோம். குழந்தை விழுந்தால் அம்மா தடவி ஊதிவிடுகிறாள். வலி குறைகிறது. ஏன் குறைகிறது என்பதற்கு 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் ஒரு விளக்கம் சொன்னார்கள். தண்டுவடத்தில் ஒரு கேட் இருக்கிறது. தடித்த இழைகளில் தொடுகைச் செய்தி வந்தால் அந்தக் கேட் மூடி, வலிச் செய்தி மேலே மூளைக்குப் போவதைக் குறைக்கிறது என்றார்கள். அவர்கள் வரைந்த படத்தில் பல கோடுகள் தவறு என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் கேட் என்ற அந்த ஒரு சொல் பிழைத்துக்கொண்டது.

அபார்ட்மெண்டில் இருக்கிற நமக்குக் கேட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலையில் பால்காரர் வருகிறார், பேப்பர்காரர் வருகிறார். செக்யூரிட்டி தலையசைத்து விடுகிறார். அதற்கெல்லாம் தீ அலாரம் அடிப்பதில்லை. இப்போது ஒரு விசித்திரத்தைக் கற்பனை செய்யுங்கள். பேப்பர்காரர் நுழைகிற சின்ன கேட்டிலிருந்து தீ அலாரத்துக்கு ஒரு வயர் போகிறது. கட்டடம் கட்டியபோதே போட்ட வயர். செக்யூரிட்டி நாள் முழுக்க ஒரு சுவிட்சை அழுத்திப் பிடித்திருப்பதால்தான் அலாரம் அடிப்பதில்லை. அவர் கையை எடுத்தால் போதும், பேப்பர்காரர் சைக்கிளை நிறுத்தும்போதே மொத்தக் கட்டடமும் அலறும். மூன்றாம் மாடியில் சாம்பிராணி போட்டதற்கு அலாரம் அடித்து ராத்திரி எல்லோரும் கீழே வந்து நின்றோமே, அது போல.

நம் தண்டுவடம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. தொடுகை வந்து சேரும் கீழ் அடுக்குகளிலிருந்து வலி நரம்புகள் இருக்கும் மேல் அடுக்கு வரை சின்னச் சின்ன நரம்புச் செல்கள் கைகோத்து ஒரு வழி போட்டிருக்கின்றன. நோயாளிக்கு மட்டும் உள்ள வழி என்று நினைக்காதீர்கள், உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இந்த நிமிஷம் இருக்கிறது. தடுப்புச் செல்கள் அதை அடைத்து வைத்திருப்பதால் நாம் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிகிறது.

இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். 2014-ல் அமெரிக்காவில் ச்சியுஃபு மா, மார்ட்டின் கோல்டிங் ஆகியோரின் குழுக்கள் சுண்டெலியின் தண்டுவடத்தில் ஒரு வகைத் தடுப்புச் செல்களை மட்டும் நீக்கிப் பார்த்தன. எலிக்குக் காயமில்லை, நரம்பு அறுபடவில்லை. ஆனால் லேசாக வருடினாலே காலை உதறிக்கொண்டது. மறுபக்கமும் செய்து பார்த்தார்கள். அடுத்த வருஷம் கனடாவின் மான்ட்ரியலில் ஒரு குழு, நரம்பு அடிபட்டு அலோடினியா வந்த எலிகளில் வேறொரு வகைத் தடுப்புச் செல்களை வலிந்து வேலை செய்ய வைத்தது. தொட்டால் வலிப்பது குறைந்தது. செக்யூரிட்டியை நீக்கினால் அலாரம் அடிக்கிறது, எழுப்பி உட்கார வைத்தால் அடங்குகிறது.

மனிதரிடமும் பார்க்க முடியும். எலி வேண்டாம், காந்தாரி மிளகாய் போதும். மரச்சீனிக் கிழங்குக்குக் காந்தாரி நசுக்கியவர்களுக்குத் தெரியும், விரல் எரியும். மிளகாயின் காரப் பொருளைத் தோலுக்குள் சிறிது செலுத்தினால் அந்த இடம் எரிவதோடு நிற்பதில்லை. சுற்றிலும் காரமே படாத நல்ல தோலில் பஞ்சால் வருடினால்கூட வலிக்கும். தோலில் கோளாறு இல்லை, அப்படியானால் தண்டுவடத்தில்தான் ஏதோ மாறியிருக்கிறது. 1983-ல் லண்டனில் கிளிஃபர்ட் வுல்ஃப் இதே முடிவுக்கு எலிகளை வைத்து வந்திருந்தார். இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பி.பி. பார்க்கிற பட்டை போல ஒன்றைக் கையில் இறுக்கிக் கட்டி வைத்தால் தடித்த இழைகள் முதலில் செயலிழக்கும், மெல்லிய இழைகள் பிறகுதான். தொடு உணர்வு போன அந்த நேரத்தில் எரிச்சல் அப்படியே இருக்கும், வருடினால் வரும் வலி மட்டும் காணாமல் போகும். அப்படியென்றால் அந்த வலியைச் சுமந்து வருவது வலி நரம்பே இல்லை. பால்காரரும் பேப்பர்காரரும் வரும் அதே சாதாரணத் தொடுகை நரம்புதான்.

2021-ல் நோபல் பரிசு வாங்கிய ஆர்டெம் படபூட்டியன் கண்டுபிடித்த பியேசோ-2 என்ற புரதம் தோலில் மெல்லிய தொடுகையை உணர்கிறது. பிறவியிலேயே அது வேலை செய்யாத சிலர் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மிளகாய்க் காரம் எரிகிறது. ஆனால் சுற்றியுள்ள தோலை வருடினால் வலிப்பதில்லை. 2018-ல் இது வெளியானது. அன்றைக்கு இதைப் படித்துவிட்டு அத்தையின் பழைய அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் காலமாகி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

செக்யூரிட்டி ஏன் கையை எடுக்கிறார் என்பது அடுத்த கேள்வி. அக்கி வைரஸோ, சர்க்கரையோ, விபத்தோ நரம்பைச் சேதப்படுத்தும்போது தடுப்புச் செல்கள் செத்துப்போகின்றன என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, உயிரோடுதான் இருக்கின்றன, இணைப்புதான் தளர்கிறது என்று வேறு சிலர் வாதிடுகிறார்கள். அந்தச் சண்டையை அவர்களிடமே விட்டுவிடலாம். மூன்றாவதாக ஒரு விளக்கம் இருக்கிறது, அது என்னை அசர வைத்தது. நம் சமையல் உப்பில் இருக்கிற குளோரைடு சம்பந்தப்பட்டது.

நரம்புச் செல்லுக்குள் சேருகிற குளோரைடை வெளியே இறைத்துக்கொண்டே இருக்க ஒரு பம்ப் உண்டு. பெயர் கேசிசி-2. நம் சம்ப் மோட்டார் போல நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குளோரைடு குறைவாக இருப்பதால், தடுப்புச் செல் "அமைதி" என்று சமிக்ஞை கொடுத்து வாசலைத் திறக்கும்போது வெளியிலிருந்து குளோரைடு உள்ளே பாய்ந்து செல் அடங்குகிறது. மோட்டார் பழுதானால்? உள்ளே குளோரைடு தேங்கிவிடும். வாசலைத் திறந்தாலும் உள்ளே பாய ஒன்றும் இருக்காது. சில செல்களில் வெளியே பாயும், அப்போது அடங்க வேண்டிய செல் கிளர்ந்து எழும். செக்யூரிட்டி அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், சரியாகத்தான் விசில் ஊதுகிறார், ஆனால் "நில்" என்கிற விசில் உள்ளே இருப்பவர்களுக்கு "ஓடு" என்று கேட்கிறது. கனடாவின் கியூபெக்கில் இவ் டி கோனிங்க் குழு 2003-ல் இதைக் காட்டியது. அந்த மோட்டாரைக் கெடுப்பது மைக்ரோக்ளியா என்ற பராமரிப்புச் செல்கள் விடும் ஒரு ரசாயனம் என்பதை 2005-ல் அதே குழுவும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து கண்டார்கள். சுத்தம் செய்ய வந்தவர்கள் போகும்போது மோட்டாரைப் பழுதாக்கிவிட்டுப் போகிறார்கள். இங்கே யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

இதில் ஒரு விஷயம் பெண்களுக்கு. இந்த ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலும் ஆண் எலிகளில் நடந்தவை. 2015-ல் பெண் எலிகளில் பார்த்தபோது மைக்ரோக்ளியாவைத் தடுத்தும் வலி குறையவில்லை. அவற்றில் வேறு நோயெதிர்ப்புச் செல்கள் அந்த வேலையைச் செய்வதாகத் தெரிந்தது. நாள்பட்ட வலியோடு டாக்டரிடம் வருகிறவர்களில் பெண்கள் அதிகம். சோதனைச்சாலைக்குப் போனவை ஆண் எலிகள். இதைச் சொன்னதும் கூட்டத்தில் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் பக்கத்து ஊர் நெய்யூரைப் பற்றி இந்த இடத்தில் ஒரு வார்த்தை. அங்கே மருத்துவப் பணி தொடங்கியது 1838-ல். எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் 1922 பயணம் முடிந்து நெய்யூருக்கு வந்து பார்த்துவிட்டு, இங்கேயே வேலை செய்ய முடிவெடுத்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. அவர் பிற்காலத்தில் கற்பித்த வேலூர் சி.எம்.சி.யில்தான், கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் டாக்டர் தொழுநோயாளிகளின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் வெட்டிலும் பட்டுச் சிதைகின்றன என்று அவர் நிறுவினார். வலி ஒரு கொடை என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தார், புத்தகமும் எழுதினார். உண்மைதான். ஆனால் அதே தொழுநோயில், மருந்து முடிந்து கிருமி போன பின்பும், நரம்பு சேதமான இடத்தில் எரிச்சலோடும் தொட்டால் வரும் வலியோடும் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் வலி ஒரு கொடை என்று என்னால் சொல்ல முடியாது. அந்த அலாரம் எந்தத் தீயையும் காட்டுவதில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். இங்கே 60 வயது தாண்டியவர்கள் அதிகம். அமெரிக்கக் கணக்கில் மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவை அக்கி வருகிறது. அதில் 10 முதல் 18 சதவீதம் பேருக்குப் புண் ஆறியும் வலி நிற்கிறது. வயது கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும். சின்ன வயதில் சின்னம்மை வந்து போனவர்களுக்கு அந்த வைரஸ் போய்விடுவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் படுத்துக் கிடக்கும். எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரே ஒரு நரம்பு வழியாக இறங்கி வரும். அதனால்தான் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக, உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாமல் கொப்புளம் வரும். கொப்புளத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடத்தில் எரிச்சலோ குத்தலோ தொடங்கலாம். ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் பொங்கலும் கண்டால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். நெற்றியிலோ கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண் டாக்டரையும் அன்றே பார்க்க வேண்டும், பார்வைக்கே ஆபத்து. அக்கி எழுத வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் விரும்பினால் எழுதிக்கொள்ளட்டும், குளிர்ச்சியாக இருக்கும். முதலில் மாத்திரை, பிறகு காவி.

வலி தங்கிவிட்டால், முட்டுவலிக்குப் போடுகிற டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகளால் பெரிய பயன் இல்லை. அவை அடிபட்ட இடத்து வீக்கத்தில் வேலை செய்பவை, இங்கே பழுது தண்டுவடத்தில். பயனில்லாததை மாதக்கணக்கில் விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதற்கென்று உள்ளவை வேறு. காபாபென்டின், பிரிகாபலின் என்ற இரண்டும் வலிப்பு நோய்க்கு வந்த மருந்துகள். தண்டுவடத்தில் நரம்புகள் ஒன்றுக்கொன்று கத்துவதைக் குறைக்கின்றன. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்த மருந்து. அதைச் சிறிய அளவில் இரவில் கொடுப்பார்கள், மூளையிலிருந்து கீழே வரும் தடுப்பைப் பலப்படுத்தும். மருந்துச் சீட்டைக் கூகிளில் தேடிப் பார்த்துவிட்டு, "எனக்கென்ன பைத்தியமா?" என்று நிறுத்திவிடாதீர்கள். தலைசுற்றலும் தூக்கமும் வரும். ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள். யாருக்கும் முழுக்கப் போய்விடும் என்று நான் உறுதி தர மாட்டேன். பாதியாகக் குறைந்தாலே தூக்கம் வரும், தூக்கம் வந்தால் மறுநாள் வலி கொஞ்சம் அடங்கும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது சேர்த்துத்தான். நம் நாட்டில் அவர்கள் 10 கோடிக்கும் மேல். ராத்திரி பாதத்தில் போர்வை பட்டால் எரிகிறது என்று ஒருவர் சொன்னால், அது நரம்பு சேதப்பட்டதற்கு அறிகுறி. போர்வை பாதத்தில் படாமல் கட்டில் கால்மாட்டில் ஒரு ஸ்டூலை வைத்து அதன்மேல் போட்டுப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம்.

அத்தைக்கு ஆவணியில்தான் மருந்து தொடங்கினேன். அதற்கு முன் என்னோடு படித்த நரம்பியல் தோழி ஒருத்தியிடம் போனில் இந்த முந்தானை விஷயத்தைச் சொன்னேன், குறையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அழுத்தினா சுகம், உரசினா வலின்னு அவங்களே சொன்னாங்களா? பாடப்புத்தகத்தைப் படிச்சுட்டா நடிக்கிறாங்க?" என்று கேட்டாள். அன்று ராத்திரி பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன்.

வந்தபோது அத்தை பழைய முண்டு ஒன்றை நான்காக மடித்து விலாவைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன முண்டு. இறுக்கிக் கட்டினால் துணி அசையாது, உரசாது. அழுத்தம் மட்டும் இருக்கும். மெல்சாக்கையும் வாலையும் படிக்காமலே அந்த வழியை அவர் ஆனி மாதமே கண்டுபிடித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். "சாப்பிட்டியா மக்ளே?" என்றார்.

பேச்சு முடிந்ததும் பலர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதிலைச் சேர்த்துவிடுகிறேன். ஆமாம், அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது. 50 வயது தாண்டியவர்களுக்கானது, நம் நாட்டில் 2023 முதல் கிடைக்கிறது. இரண்டு ஊசி, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில். விலை கூடுதல்தான். உயிருள்ள வைரஸ் அதில் இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை அக்கி வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம், எத்தனை நாள் கழித்து என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அக்கியோ என்று சந்தேகம் வந்தால் ராத்திரி என்று தயங்காமல் எங்கள் வீட்டுக்கு இன்டர்காம் அடியுங்கள். முதலில் ஒரு கேள்வி கேட்பேன், பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் மட்டுமா, ரெண்டு பக்கமுமா?